மறுபக்கத்தார்

ரோசாலியின் தலைமயிரை ஜெகதீஸ்வரி மெதுவாக வாரிக்கொண்டிருந்தாள். வைத்தியத்தில் உதிர்ந்து மறுபடி முளைத்த மயிர். குழந்தைப்பிள்ளையின் மயிர்போல சீப்புக்குப் பிடிபடாமல் வழுகியது. ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் குளிர்பெட்டியின் இரைச்சலைத் தவிர வேறு சத்தமில்லை.

கதவோரக் கதிரையில் யோன் இருந்தார். ரோசாலியின் தமையன். கனடாவின் மேற்குக் கடலில் உள்ள ஹைடா என்ற பூர்வகுடி ஆட்களின் தீவிலிருந்து முதல்நாள்தான் வந்து இறங்கியிருந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"சேலை உடுத்திறதோ, இல்லை அவையின்ரை ஊர் உடுப்போ? கேள்," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவளுடைய தம்பி கரிகாலன் இங்கிலீசில் கேட்டான். யோன் பதில் சொன்னார்.

"எங்கடை விருப்பமாம், அக்கா."

"நேற்றும் இதைத்தான் சொன்னவர். பெட்டி எது எண்டு கேட்டாலும் எங்கடை விருப்பம், பூ எது எண்டு கேட்டாலும் எங்கடை விருப்பம். கூடப் பிறந்த மனுசன்தானே?"

மனைவி ரோசாலி கண்ணை மூடியதிலிருந்து கரிகாலன் கேட்டதற்கு மட்டும்தான் வாய் திறந்தான். ஜெகதீஸ்வரி தானாகவே கூறைச்சேலையை எடுத்து உடுத்திவிட்டாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். யோன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோசாலி பாரிசுக்கு வந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். அவளுடைய ஊரிலிருந்து நூறு வருடத்துக்கு முன்னர் கொண்டுவரப்பட்ட ஒரு மரப்பெட்டி இங்கே ஒரு மியூசியத்தின் களஞ்சிய அறையில் இருந்தது. அதைப் பார்த்து வரைய வந்தவள். படம் பிடித்தால் போதாது, அந்தக் கோடு தன் கைக்கு வர வேண்டும் என்பாள். வரைந்ததை அச்சடிக்க இடம் தேடி லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கரிகாலனின் கடைக்குள் நுழைந்தாள். அவன் கலியாணக் கார்ட் அடிப்பவன். முன்பக்கத்து மூலையில் மெசினைப் போட்டு ஜெகதீஸ்வரி சேலைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு மை வேண்டும் என்றாள் ரோசாலி. கலியாணக் கடையில் கறுப்பு ஏது? செத்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க மட்டும் ஒரு டப்பா அடியில் கிடந்தது. கரிகாலன் தயங்கித் தயங்கி விசயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள். எங்களுக்கு எல்லாமே கறுப்பில்தான் தொடங்கும், சிவப்பு பிறகுதான் வரும் என்றாள்.

அப்படியே தங்கிவிட்டாள். அவள் வரைந்தவற்றில் கறுப்புக்கோடு ஒன்று தடித்தும் மெலிந்தும் எங்கும் அறாமல் ஓடியது. அதற்குள்ளே திமிங்கிலமும் தவளையும் கழுகும் மடங்கிக் கிடந்தன. பிறகு பிரஷர் குக்கரும் வந்தது, பற்களோடு. அவற்றை வான்கூவரிலும் பாரிசிலும் சுவரில் மாட்டினார்கள். எங்கே திரும்பினாலும் கண்ணாக இருக்கிறது என்று ஜெகதீஸ்வரி முகத்தைச் சுளித்தாள். "மச்சாள், அது உங்களைத்தான் பாக்குது," என்று ரோசாலி உடைந்த தமிழில் சீண்டுவாள். கலியாணம் இங்கே ஒரு முறை, தீவில் ஒரு முறை நடந்தது. பத்து வருடத்தில் ஜெகதீஸ்வரிக்குக் கண்கள் பழகிப் போயிருந்தன.

அடுத்தநாள் எரிக்கிற இடமான கிரெமத்தோரியத்து வாசலில் வண்டி வந்து நின்றது. பெட்டியை நாங்களே தூக்குகிறோம் என்று கரிகாலன் முன்பே சொல்லியிருந்தான். பக்கத்துப் பலசரக்குக் கடை மகாலிங்கத்தாரும் கடைத்தெரு ஆட்கள் மூன்று பேரும் வந்து நின்றார்கள். ஒரு கைபிடி வெறுமையாக இருந்தது.

ஜெகதீஸ்வரி யோனைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு கை பிடிக்கேலாதோ இந்த மனுசனுக்கு? விருந்துக்கே வந்தவர்? தங்கச்சியை ஊரார் தூக்க இவர் நிண்டு பாக்கிறாராம்!"

"அக்கா, பேசாதை." கரிகாலன் அவளை ஓரமாகக் கூட்டிப்போனான். "அவருக்குத் தூக்க உரிமையில்லை. அவையளுக்குள்ளை ரண்டு பக்கம் இருக்கு. கழுகு, காகம். ரோசாலி கழுகுப் பக்கம். கழுகு செத்தால் காகம்தான் எல்லாம் செய்யோணும். சொந்தக்காரர் இருந்து அழலாம், ஆனால் ஒண்டிலையும் கை வைக்கக்கூடாது."

"அப்ப காகம் எங்கை?"

"கலியாணத்தண்டு என்னைக் காகப் பக்கத்திலை சேர்த்தவை. நான் காகமெண்டால் நீயும் காகம்."

"என்னையோ? என்னை ஆர் கேட்டவை?"

"நான்தான் உனக்கு முதலே சொல்லியிருக்கோணும். எனக்கு ஒண்டும் ஓடேல்லை அக்கா."

ஜெகதீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். யோன் அதே இடத்தில் நின்றார். அவருடைய கண் அந்த வெறும் கைபிடியிலேயே இருந்தது. கையிலிருந்த தொப்பியை அவர் கசக்கிய விதத்தில், தூக்க ஆசைப்படாத மனிதனாக அவர் தெரியவில்லை.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் கைபிடியைப் பிடித்தாள்.

"பொம்பிளையள் பிடிக்கிறேல்லை, தங்கச்சி," என்றார் மகாலிங்கத்தார்.

"ஆள் குறையுது அண்ணை. தூக்குங்கோ."

பெட்டி பாரமாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து கடையில் மரக்கறிச் சாப்பாடு. அச்சடிக்கிற மேசையைத் துடைத்து வாழையிலை போட்டிருந்தார்கள். சாப்பிட்ட பிறகு யோன் எழும்பினார். தன் பையிலிருந்து சுருட்டிய தாள்களை எடுத்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவரவர் செய்த வேலையை எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, ஒவ்வொரு தாளாகக் கொடுத்தார். கரிகாலன் தமிழில் சொன்னான். சமைத்தவர் வாங்கினார். மகாலிங்கத்தார் என்ன ஏதென்று தெரியாமலே இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஜெகதீஸ்வரி," என்றார் யோன். அந்த நீளப் பெயரை முதல்நாள் முழுக்கச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும்.

"என்ரை தங்கச்சிக்குத் தலை வாரினவ," என்று கரிகாலன் மொழிபெயர்த்தான். "சேலை உடுத்தினவ. பொட்டு வைச்சவ. பெட்டியைத் தூக்கினவ."

அவள் பின்வாங்கினாள். "செத்த வீட்டிலையிருந்து ஒண்டும் கொண்டு போகக்கூடாது. சொல்லு அவருக்கு."

கரிகாலன் அதை மொழிபெயர்க்கவில்லை. "நீ வாங்காட்டில், நீ அவளுக்குச் செய்தது செய்ததாகாது, அக்கா."

யோனின் கை நீட்டியபடியே இருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

கடைசித் தாள் கரிகாலனுக்கு. அவன் விரித்தான். விளிம்பை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது நானும் அவளும் அடிச்சது. மாசியிலை. கண்காட்சிக்குத் தமையனுக்கு அனுப்ப எண்டு சொன்னவள். இண்டைக்குக் குடுக்கத்தான் எண்டு சொல்லேல்லை."

யோன் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பின்னேரம் கார் து நோர் ஸ்டேசனில் ரயில் எடுத்து ஜெகதீஸ்வரி கார்ஜில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். சனத்துக்குள் கசங்காமல் தாளை நெஞ்சோடு பிடித்திருந்தாள். வீட்டு வாசலில் சற்று யோசித்தாள். பிறகு அதைக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்த் தலை முழுகினாள்.

முழுகி வந்து கதவைத் திறந்து அதை எடுத்து வந்தாள். குசினி மேசையில் விரித்தாள். கீழே ஒரு காகம். அதன் முதுகில் கண் மூடிய கழுகு. கறுப்புக்கோடு இரண்டையும் சுற்றி எங்கும் அறாமல் ஓடியது.

தாள் திரும்பவும் சுருண்டது. ஒரு மூலையில் உப்புப் போத்தலை வைத்தாள், இன்னொன்றில் தேத்தண்ணிக் கோப்பை, மற்றதில் வீட்டுக் கதவின் திறப்புக்கோர்வை. நாலாவது மூலைக்குக் கையெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லை. அதை உள்ளங்கையால் அழுத்தியபடி, ஈரத்தலையிலிருந்து தண்ணீர் தாளில் சொட்டிவிடாமல் கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நின்றாள்.