மூலையில் கறுப்பு

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கியபோது எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. சிவகாசியில் அம்மா படுத்த படுக்கையாகிப் பத்து நாள் ஆகிறது. கஞ்சி இறங்கவில்லை. கண் திறக்கும்போதெல்லாம் "வீரலட்சுமி வந்துட்டாளா?" என்று ஒரே கேள்விதான். அந்த வீரலட்சுமி, என் ஒரே தங்கை, இந்த ஊரில் வாக்கப்பட்டவள். கார்டு போட்டும் பதில் இல்லை, ஆளும் வரவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன்.

தந்தி கொடுத்திருக்கலாம். தந்தி என்றாலே எங்கள் ஆட்கள் பிரித்துப் பார்க்கும் முன்பே மாரில் அடித்துக்கொள்வார்கள். அவளைப் பதற வைக்க வேண்டாம் என்றுதான் கார்டு போட்டேன்.

பஜாரில் நடக்க இடமில்லை. மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிகள் இடுப்பில் இடித்துக்கொண்டு போயின. சுக்குத் தூசியில் எல்லோரும் தும்மினார்கள், தும்மிக்கொண்டே விலை பேசினார்கள். குஜராத்திக்காரர் கடையில் ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தார்கள். வெங்காயக் கிடங்கு வாசலில் சுமட்டுக்காரர்கள் எதற்கோ கைதட்டிச் சிரித்தார்கள். ஊரே இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா சாகக் கிடக்கும்போது உங்களுக்கெல்லாம் என்னடா இளிப்பு என்று கத்தலாம் போலிருந்தது.

தங்கை வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மூன்று நாளைக்கு முன்புதான் அவள் நாத்தனாருக்குக் கல்யாணம் நடந்திருந்தது. பத்திரிகை எனக்கும் வந்தது. அம்மாவை விட்டு எங்கே போவது?

வீரலட்சுமி காலில் மஞ்சளும் தலையில் வாடிய பூவுமாக ஓடி வந்தாள்.

"கல்யாணத்துக்கு வராம இப்ப வந்து நிக்கியேண்ணே! அம்மா எப்படியிருக்கா? அவளையும் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்படியும் ஒருத்தி நடிப்பாளா? நான் வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் ராசப்பன் என் கையைப் பிடித்துவிட்டார். மிளகு வியாபாரி ஒருவரிடம் சரக்கு நிறுக்கும் வேலை அவருக்கு. நல்ல மனுஷன், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்.

"மச்சான், வாங்க, ஒரு சாயா குடிச்சிட்டு வரலாம்," என்று என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

தெருமுனை திரும்பியதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"மச்சான், என்னை மன்னிக்கணும். அவளுக்கு இன்னும் அறியாது. நாளைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வருது. அது கழிஞ்சு மெல்லச் சொல்லலாம்னு இருந்தேன். அத்தை போனது எந்தத் தேதி?"

"எங்க போனது?"

"கார்டு வந்ததே மச்சான். மூலையில கறுப்பு வச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. கார்டு வந்தபோது இவர் வீட்டில் பந்தக்கால் நட்டு மூன்று நாள். மூலையில் கறுப்பு தடவியிருந்தால் அது சாவுக் கடிதம். அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வாசலிலேயே கிழித்துப் போடுவதுதான் வழக்கம். இவர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். 'அம்மா' என்ற முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். சொன்னால் வீரலட்சுமிக்குத் தீட்டு, இவர் தங்கை கல்யாணம் நின்றுபோகும். கிழித்துக் காயலில் போட்டுவிட்டுக் குளித்திருக்கிறார்.

"யோவ், அம்மா சாகலய்யா! மகளைப் பார்க்கணும்னு உசிரைப் பிடிச்சிட்டுக் கிடக்கா. அதைத்தான் எழுதினேன்!"

"கறுப்பு இருந்ததே மச்சான்! என் கண்ணால கண்டேன்."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். நான் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். அன்றைக்கு மிஷின் பக்கத்தில் நின்றபடியே அவசரமாக அந்தக் கார்டை எழுதினேன். கட்டைவிரல் ரேகையில் அப்பியிருந்த கறுப்பு மை எந்த சோப்புக்கும் போனதில்லை.

அவரை அடிக்க ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நடுத்தெருவில் அப்படியே நின்றேன். ஒரு கைவண்டிக்காரன் "மாறிக்கோ சேட்டா!" என்று அதட்டினான்.

ராசப்பனின் முதலாளி கடையில் டெலிபோன் இருந்தது. புறப்பட்டு வருகிறோம், அம்மா காதில் சொல்லுங்கள் என்று சொல்வதற்காக எங்கள் அச்சக முதலாளிக்கு டிரங்க் கால் போட்டோம். ஒரு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது. முதலாளி என்னைப் பேச விடவில்லை.

"செல்லதுரை, காலையில பத்து மணிக்குப்பா. அங்க தந்தி கொடுத்திருக்கு. நீங்க வந்து எடுக்கணுமா, என்ன செய்யணும், சொல்லு."

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்திருவோம்," என்றேன். பத்து மணிக்கு நான் படகில் இருந்தேன்.

ராசப்பன் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கிழிச்சது நான்னு தெரிஞ்சா அவ என்கூட இருக்கமாட்டா மச்சான். ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

கிழித்தது அவர் கை, கறுப்பு என் கை. யாரைத் திட்டினாலும் பாதி எனக்கு வந்து சேர்ந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னோம். வீரலட்சுமி பந்தலுக்குக் கீழேயே விழுந்து புரண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு எர்ணாகுளம் படகைப் பிடித்தோம். படகு பாதிக் காயல் தாண்டியிருந்தது. அம்மா எத்தனை நாள் கிடந்தாள் என்று அவள் கேட்டாள். பத்து நாள் என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா."

"பத்து நாளு! ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதாண்ணே? ஒரு கார்டு?"

ராசப்பன் தலை நிமிரவே இல்லை. நான் கைகளை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

"போடணும்னுதான் இருந்தேன். வேலைல மறந்துபோச்சு."

அவள் அழுகை சட்டென்று நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த மனுஷன் கல்யாண வேலைக்கு நடுவுல எத்தனை தடவை கேட்டாரு தெரியுமா? உங்கம்மாகிட்டேர்ந்து கடிதம் ஒண்ணும் வரலியான்னு. மருமகனுக்கு இருந்த கரிசனம் மகனுக்கு இல்லாமப் போச்சே. அம்மா காரியம் முடிஞ்சதும் நீ யாரோ நான் யாரோ."

எழுந்து போய் ராசப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி அழத் தொடங்கினாள்.