முந்நூற்றெண்பது மீட்டர்

முகுந்தன் எனக்குத் தரவேண்டியது நூற்று முப்பத்தேழு வெள்ளி நாற்பது காசு. அவன் மோட்டார் சைக்கிளுக்கு இன்சூரன்சும் ரோட் டெக்சும் நான்தான் கட்டினேன். சாப்பாடு டெலிவரி செய்கிறவனுக்கு அவை இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. நான்கு மாதமாகிவிட்டது. லிப்ட் பக்கம் என் சேறு படிந்த பூட்ஸ் தெரிந்தால் அவன் படிக்கட்டில் ஏறிப் போய்விடுவான். அவனுக்கு எட்டாவது மாடி. ஏறட்டும் என்று விட்டிருந்தேன்.

அந்த மாதம் எனக்கு வேறு யோசனை. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தார்கள். தேர்தல் தொகுதிகளின் எல்லையை மாற்றப் போகிறார்களாம். நாற்பத்தெட்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். எதையும் மெதுவாகத்தான் படிப்பேன். படித்து முடித்தபோது ஒன்று புரிந்தது. எங்கள் இரண்டு புளோக்குகளையும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தொகுதியோடு சேர்த்திருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் டியூஷன் வகுப்பு நடத்தும் புனிதாவிடம் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, நம்மள எதுக்கு அந்தப் பக்கம் தள்றாங்க?"

"நம்ம தொகுதியில ஆளுங்க ஜாஸ்தி அங்கிள். அங்க கம்மி. சமமா இருந்தாத்தானே எல்லாரோட ஓட்டுக்கும் ஒரே மதிப்பு?"

"அது நியாயம்தானே?"

"நியாயம்தான்."

"அப்புறம் ஏன் எனக்கு உறுத்துது?"

அவள் சிரித்துக்கொண்டே போனில் தூரத்தைப் பார்த்தாள். எங்கள் வாசலிலிருந்து அந்தப் பக்கத்து மக்கள் பிரதிநிதியின் ஆபிஸுக்கு முந்நூற்றெண்பது மீட்டர் என்றது. காக்கா பறந்து போகிற தூரம்.

ஞாயிற்றுக்கிழமை என் கங்காணியிடம் அளவுச் சக்கரத்தை இரவல் வாங்கினேன். கால்வாய் தூர்வாரும்போது நீளம் அளக்க நாங்கள் உருட்டுவது. அதை எங்கள் வாசலில் வைத்து உருட்ட ஆரம்பித்தேன். தண்டவாளத்தில் வேலி. வேலி ஓரமாகவே போனால் கடைவரிசை, முஸ்லிம்கள் தொழும் சூராவ், அதற்கப்புறம் தண்டவாளத்துக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. அதில் நுழைந்து வெளியே வந்து, மறுபடி வேலி ஓரமாகத் திரும்பி நடக்க வேண்டும். ஆபிஸ் கதவைத் தொட்டபோது சக்கரம் மூவாயிரத்து நூற்றிருபது மீட்டர் காட்டியது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் எட்டாவது மாடியில் காயும் துணியின் நிறம்கூடத் தெரிகிறது.

ஒன்று கவனித்தேன். சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு தாமான் இருக்கிறது. தரைவீடுகள் உள்ள குடியிருப்பு, எங்கள் தொகுதிதான். அங்கிருந்து அந்தப் பக்கம் போக ஐந்து நிமிடம். பாசாருக்கும் கிளினிக்குக்கும் அவர்கள் அங்கேதான் போகிறார்கள். அந்தத் தாமானின் லோங்காங்கில் ஓடும் சாக்கடைத் தண்ணீரும் சுரங்கப்பாதை வழியாக அந்தப் பக்கத்துப் பெரிய கால்வாயில்தான் விழுகிறது. நான் இறங்கி அள்ளிய கால்வாய், எனக்குத் தெரியும். எங்கள் புளோக் தண்ணீர் இந்தப் பக்கமாகப் போகிறது. அடைத்துக்கொண்டால் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்துக்காரருக்கு எங்கள் கால்வாய் எதற்கு?

"ஆளுங்கதானே வேணும்? அந்தத் தாமானக் குடுக்கலாமே. அவங்களுக்கும் வசதி" என்றேன் புனிதாவிடம்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இத அப்படியே ஆட்சேபணையா எழுதுவோம் அங்கிள். ஆனா தொகுதியில பேர் பதிஞ்ச நூறு வாக்காளர் கையெழுத்துப் போட்டாத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. தொண்ணூத்தொம்பது இருந்தாலும் தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க."

மூன்று வாரம் மாடி மாடியாக ஏறினேன். நூற்றுப் பதின்மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. பெரிதாக, கோணல் இல்லாமல் போட்டிருந்தேன்.

கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் ஷா ஆலாமில் தேர்தல் ஆணைய ஆபிஸில் கொடுக்க வேண்டும். காலையில் புனிதா ஒவ்வொரு அடையாள அட்டை எண்ணையும் வாக்காளர் பட்டியலில் தட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"அங்கிள், உங்க பேரு இங்க இல்ல. ஐ.சி.ல என்ன அட்ரஸ்?"

"காப்பார் எஸ்டேட்டு."

"அந்த எஸ்டேட் இப்ப என்னாச்சு?"

"குடோன் கட்டிட்டாங்க."

"அப்ப நீங்க இருபது வருஷமா குடோன்ல குடியிருக்கீங்க."

அவள் சொன்னது சரிதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் பஸ் ஏறிக் காப்பார் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். அதுதான் என் ஊர் என்று அட்டையும் நானும் ஒன்றாக நம்பிக்கொண்டிருந்தோம். என்னைப் போல் எஸ்டேட்டிலிருந்து வந்து முகவரி மாற்றாதவர்கள் இன்னும் பதின்மூன்று பேர். பதினான்கு பெயர்களை அடித்தாள். தொண்ணூற்றொன்பது.

வேலை நாள். வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் வேலை பெர்மிட்டில் வந்த வெளிநாட்டுக்காரர்கள், ஓட்டு கிடையாது. மற்றவர்கள் கையெழுத்து என்றாலே கதவைச் சாத்துகிறவர்கள். பதினொரு மணிக்கு மேல் வேலைக்குக் கிளம்புகிறவன் ஒருவன்தான் இருந்தான்.

எட்டாவது மாடியில் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை தரேன் லா" என்று உள்ளிருந்தே குரல்.

"காசுக்கு வரலடா. கையெழுத்துக்கு."

கதவு பாதி திறந்தது. தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "போடறேன். பழைய கணக்கக் கிழிச்சிடுங்க. ஓகேயா?"

என் இரண்டு நாள் கூலி அது. மணியோ பத்தரை. சரியென்று சொல்லியிருப்பேன்; நாக்கு வரை வந்துவிட்டது.

"வேணாம்" என்றேன். "நாளைக்கு விசாரணையில யாராச்சும் கேட்டா, நூறுல ஒண்ணு காசுக்கு வாங்கினதுன்னு நான் சொல்ல முடியுமா? கடன் கடனாவே இருக்கட்டும். படிச்சுப் பாரு. சரின்னு பட்டா போடு. இல்லன்னா நான் போறேன்."

அவன் வரைபடத்தை வாங்கினான். எங்கள் புளோக்கையும் அந்த எல்லைக் கோட்டையும் விரலால் தொட்டான்.

"முந்நூத்தெண்பது மீட்டரா?" என்று சிரித்தான். "அண்ணே, என் போன்ல இருக்கிற டெலிவரி ஆப்பும் இதே பொய்யத்தான் சொல்லுது. அந்தப் பக்கம் ஒரு ஆர்டர் வந்தா, தூரம் கொஞ்சம்னு கம்மியாத்தான் காசு போடும். நான் சுரங்கப்பாதை சுத்திப் போய்ச் சேர்றதுக்குள்ள மீ கோரெங் ஆறிடும். கஸ்டமர் என்னத் திட்டுவான்." சக்கரம் காட்டிய எண்ணைப் படித்தான். "மூவாயிரத்து நூத்திருபது. நீங்களே உருட்டினீங்களா?"

"ஆமா."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீதான் லிப்டுலயே வரமாட்டேங்கிறியே."

கதவிலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். கீழே போனதும் புனிதா அவன் அட்டை எண்ணைத் தட்டினாள். அவன் பெயர் இருந்தது. அவன்தான் என்னை ஷா ஆலாமுக்கு ஏற்றிக்கொண்டு போனான். கவுண்டரில் இருந்த அம்மா இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி, விசாரணைத் தேதி கடிதத்தில் வரும் என்றாள். கோடு மாறுமா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் போகிறார்கள், அவ்வளவுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். முகுந்தன் லிப்ட் பக்கத்திலேயே நின்றிருந்தான்.

"அண்ணே, அந்த நாப்பது காசு மட்டும் விட்டுடலாம்ல? ஷா ஆலாம் போக பெட்ரோல் போட்டேன்ல?"

"கையெழுத்துக் கணக்கோட கலக்காத. எண்ணி வை."

நூற்று முப்பத்தேழு வெள்ளியை எண்ணி வைத்தான். பிறகு கால்சட்டைப் பையைத் துழாவி இரண்டு இருபது காசுகளை எடுத்து அதன் மேல் வைத்தான். இருவரும் ஒரே லிப்டில் ஏறினோம்.