புவனேஸ்வரி தூக்கிய கன்று

"இன்னாக்கா, உன் கன்னுக்குட்டி என் வாசப்படிய ஒடைச்சிக்கினு நிக்குது, நீ பல்லு வெளக்கிக்கினு வேடிக்க பாக்குறியா?" என்று ரேவதி கத்தினாள். எதிர்வீட்டுப் புவனேஸ்வரி நிதானமாகக் கொப்பளித்துத் துப்பினாள். "கன்னு ஒடைக்கலமே, உன் சிமெண்டு அப்படி. பாதி மணலு." பிறந்து இருபத்தாறு நாளான அந்தக் கன்று கணுக்கால்வரை சிமெண்டுக்குள் இறங்கி நின்று, ரேவதியின் கோலத்தை நக்கிக்கொண்டிருந்தது. அன்று அதன் எடை முன்னூற்றுப் பத்து கிலோ. பழைய இரும்புக் கடை ராமலிங்கம் எடைமேடையில் ஏற்றிப் பார்த்துச் சொன்னது. உருவத்தில் மற்றக் கன்றுகள் அளவுதான்.

சண்டை வாசற்படிக்காக அல்ல என்பது தெருவுக்கே தெரியும். ஓரிக்கை, முசரவாக்கம் பக்கம் புதுவீடு கட்டியவர்களெல்லாம் கிரகப்பிரவேசத்தில் முதலில் உள்ளே நுழையப் புவனேஸ்வரியின் பசுவையும் கன்றையும்தான் அழைத்தார்கள். ரேவதியும் மாடு வைத்திருந்தாள். அது ஒரு வீட்டில் மார்பிள் தரையைக் கண்டு மிரண்டு புரோகிதரை முட்டியதிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. புவனேஸ்வரி தாம்பூலத்தோடு வாங்கிவந்த ஒவ்வொரு புடவையின் கரை நிறத்தையும் ரேவதி ஜன்னல் வழியாகவே மனப்பாடம் செய்திருந்தாள்.

ரேவதியின் கணவன் குமாரவேல் இன்வெர்ட்டர் பேட்டரி பழுது பார்ப்பவன். கொல்லையில் உடைத்துப் போட்ட ஈயத்தகடுகளின் சாம்பல்நிறத் தூளை, கன்று பிறந்ததிலிருந்தே ரேவதி தினமும் விடியலில் கையால் அள்ளி, எதிர்வீட்டுத் தவிட்டுத் தொட்டியில் கலந்துவந்தாள். மாடு சாக வேண்டாம், இளைத்தால் போதும் என்று காமாட்சியிடம் வேண்டிக்கொண்டாளாம், நல்ல மனசு. மாடு இளைக்கவேயில்லை. கன்றுதான் கனத்தது. புதுவீடுகளில் அது மிதித்த இடமெல்லாம் குளம்பு பதிய, மகாலட்சுமியே கால் வைத்தாள் என்று சுற்றிக் கண்ணாடி போட்டுப் பூ வைத்தார்கள். அழைப்புகள் இரட்டிப்பாயின. ரேவதிக்குத் தூக்கம் போயிற்று.

ஆடி மாதம் அவள் வீட்டுத் தூளிப்புடவை கிழிந்தது. அடுத்த வாரம் கல்யாணப் பட்டும் கிழிந்தது. பிறகு விட்டத்துக் கொக்கி வளைந்தது. ஐந்து மாதப் பெண் தேவிப்ரியாவைத் தூக்க ரேவதியும் குமாரவேலும் சேர்ந்தும் முடியவில்லை.

கன்றைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் சிவராஜ், பாயோடு தரையில் குழிந்து கிடந்த குழந்தையையும் கொல்லையில் கிடந்த பேட்டரித் தகடுகளையும் பார்த்துவிட்டு ரேவதியிடம் சொன்னார்: "பெரிசுங்க தின்ன ஈயம் பெரும்பாலும் வெளிய போயிடும்மா. கொஞ்சம் பால்ல எறங்கும். பால்குடிக்கிற குட்டி வயிறு இருக்குதே, அது வந்தத வுடாது. எலும்புல வச்சிக்கும். உன் கைய காட்டு." ரேவதி கையைக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் சாம்பல். அந்தக் கையால்தான் அவள் தினமும் சோறு பிசைந்து தின்றுவிட்டு மகளுக்குப் பால் கொடுத்தது.

அவள் தெருவைக் கடந்துபோய் எல்லாவற்றையும் சொன்னாள். புவனேஸ்வரி ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு வந்து, பிள்ளையை ஒற்றைக் கையால் வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கன்றைப் பிறந்த நாளிலிருந்து தினமும் டெம்போவில் தூக்கி ஏற்றியவள். கனம் ஏறியதை அவள் கை கவனிக்கவில்லை. "ஏமே, இதுவா கனம்?" என்றாள். ஈயத்தைத் தின்றவர்களைவிட மோசமாக ரேவதி வெளுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு குளிப்பாட்ட, ஊசி போட, பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்காரவைக்க எல்லாவற்றுக்கும் புவனேஸ்வரிதான். பெண்ணுக்குப் படிப்பு மெதுவாகத்தான் ஏறியது, எடை இறங்கவேயில்லை. தூக்கம் வந்தால் எதிர்வீட்டுப் பக்கம் கை நீட்டுவாள். ரேவதி ஜன்னலில் நின்று பார்ப்பாள். கன்று பசுவாகித் தாமல் ஏரியில் தண்ணீர் குடிக்க இறங்கி அப்படியே புதைந்தது. கோடையில் முதுகு தெரியும், மேலே கொக்கு உட்காரும்.

போன வைகாசியில் தேவிப்ரியா புவனேஸ்வரியின் மகன் கலைவாணனைக் கட்டிக்கொண்டு முசரவாக்கத்தில் தரைத்தள வீட்டுக்குக் குடிபோனாள். புவனேஸ்வரியும் கூடவே போய்விட்டாள். ரேவதி அதே வீட்டில்தான் இருக்கிறாள். வாசற்படியை மாற்றிக் கட்டச் சொல்லிக் குமாரவேல் ஓய்ந்துவிட்டான். நாலு குளம்புக் குழியையும் சுற்றித்தான் அவள் இன்றும் கோலம் போடுகிறாள்.