முப்பத்திரண்டு பேர் நடந்த என் நடை

கவாத்து ஆசிரியைக்கு நடைதான் பிழைப்பு. காவலர் பயிற்சிப் பள்ளியில் பத்து வருடமாக நான் நடத்தியது ஒரே பாடம்: "என்னைப் பாரு, அப்படியே நட." அதை ஏழாம் மாத வயிற்றோடும் சொல்லிக்கொண்டிருந்ததுதான் வினையாகப் போயிற்று.

என் நடை மாறியது எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறோம், நடையை யார் பார்க்கிறார்கள்? என் கணவர் பார்த்தார். அவர் பேருந்து ஓட்டுநர்.

"வாத்தியாரம்மா, திரும்பும்போது கொஞ்சம் இடம் விட்டுத் திரும்பு. கதவுல உரசப் போற."

"வயிறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"நீளமான வண்டி ஓட்டுறவன் சொல்றேன், கேட்டுக்க."

முறைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி, மார்பைப் பின்னுக்குச் சாய்த்து, இரண்டு பாதமும் இரண்டு ஊருக்குப் போவதுபோல விரித்து வைத்து, மிடுக்காகத்தான் நடந்துபோனேன். மிடுக்கு என்பது என் அபிப்பிராயம்.

விடுப்பில் வந்த இரண்டாவது வாரம், எனக்குப் பதிலாக வந்தவர் போன் செய்தார். கையில் எந்நேரமும் காலடி அளக்கும் கவட்டைக் கோலை வைத்திருப்பதால் அவருக்கு 'அளவுகோல்' என்று பெயர்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"உங்க ஆளுங்க ஏன் எல்லாரும் நிறைமாசமா நடக்குறாங்க?"

முப்பத்திரண்டு பேர். அதில் இருபது பேர் மீசை வைத்தவர்கள். அத்தனை பேரும் பின்னால் சாய்ந்து, காலை அகட்டி, ஆடி ஆடி வருகிறார்களாம். 'நில்' என்றால் நான்கைந்து பேருக்குக் கை தானாக இடுப்புக்குப் போகிறதாம். தலைமை அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்து முதலில் சிரித்தாராம், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டாராம். அவர் உத்தரவு இது: நான் வேலைக்குத் திரும்பும் நாளில் சுண்ணாம்புக் கோட்டின்மேல் முப்பது அடி நடந்து காட்ட வேண்டும். ஒவ்வோர் அடியும் எழுபத்தைந்து சென்டிமீட்டர். சரியாக நடந்தால் அணி எனக்கு. இல்லாவிட்டால் அணி அவருக்கு, எனக்கு வருகைப் பதிவேட்டு நாற்காலி.

நாற்காலியில் உட்கார்ந்து நான் யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பது?

மகள் பிறந்தாள். அவள் இறங்கிவிட்டாள், நடை இறங்கவில்லை. முதல் நாள் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு அடி. தையல் ஒவ்வோர் அடியையும் விசாரித்து விசாரித்து அனுப்பியது. என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த கணவர், "முதல் கியர்லயே போம்மா, அவசரமில்ல" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மாதம் கழிந்தும், இல்லாத பாரத்துக்காக உடம்பு பின்னால் சாய்ந்தது. பழைய பூட்ஸில் பாதம் நுழையவில்லை. இளகிய இடுப்பு இறுக மாதக்கணக்காகும் என்றார் செவிலியர். நான் கேட்பேனா? கூடத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு நடந்தேன். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார் இவர்.

"வலப்பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் பாக்கணும்."

"சும்மா வர்றீங்களா?"

"சும்மாதான் வர்றேன். நீதான் ஆடுற."

மூன்றாம் மாத முடிவில் மைதானத்தில் நின்றேன். தலைமை அதிகாரி முன்னால், அளவுகோல் பக்கத்தில் குனிந்தபடி. பத்து அடி பொன்னாக விழுந்தது. பதினொன்றில் இடுப்பு முனகியது. பதினாலில் பாதம் கோட்டைவிட்டு வெளியே போயிற்று. பதினேழில் நானே நின்றுவிட்டேன்.

"பதினேழு" என்றார் தலைமை அதிகாரி. அவர் குரலில் நாற்காலி தெரிந்தது.

"இன்னைக்கு என்னால இவ்வளவுதான் சார். இடுப்பு இன்னும் என் பேச்சைக் கேக்கல. ஆனா ஒண்ணு. ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காம முப்பத்திரண்டு பேருக்கு நிறைமாச நடை வந்திருக்கு. அவங்க யாரைப் பாத்துக் கத்துக்கிட்டாங்க?"

அவர் அளவுகோலைப் பார்த்தார். அளவுகோல் நிமிர்ந்து தொண்டையைச் செருமினார்.

"அஞ்சு மாசமா மாத்திப் பாக்குறேன் சார். நாலு பேருக்கு இன்னும் போகல."

தலைமை அதிகாரி திரும்பி நின்றுகொண்டு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். தோள் குலுங்கியதை வைத்து அது சளி இல்லை என்று தெரிந்தது.

"திங்கள்கிழமையிலேர்ந்து அணி உங்களுது" என்றார். "ஆனா இடுப்பு சரியாகிற வரைக்கும் நீங்க நடந்து காட்டக் கூடாது. தயவுசெஞ்சு. இவர் முன்னால நடக்கட்டும். நீங்க ஓரமா நின்னு வாயால சொல்லுங்க."

திங்களன்று ஓரமாக நின்றேன். பத்து வருடமும் முன்னால் நடந்துகொண்டே இருந்ததால், பின்னால் வருகிறவர்களை நான் பக்கவாட்டில் பார்த்ததே இல்லை. மூன்றாம் வரிசைக்காரன் குதிகாலைத் தேய்க்கிறான். கடைசிப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டே நடக்கிறாள். இதெல்லாம் எத்தனை அணியில் என் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்ததோ.

"கடைசி வரிசை, மூச்சை விடு. நடக்கும்போது மூச்சு விடலாம், யாரும் திட்ட மாட்டாங்க" என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, தோள் தளர்ந்தது, நடை நேரானது.

"முன்னால போறவர், இடது தோள் தாழுது."

அளவுகோல் நடந்துகொண்டே கேட்டார். "என்னையா மேடம்?"

"உங்களைத்தான் சார்."

அவர் தோளைத் தூக்கினார். எனக்கு இடுப்பு வலித்தது. அணி திடலின் மறுகோடி வரை போய்விட்டிருந்தது. அங்கும் கேட்கும்படி, "திரும்பு" என்று குரல் கொடுத்தேன். திரும்பினார்கள்.