ஊட்டுச் சூடு

படியேறும்போதே அனஸுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. மே மாதத்து மதியத்தில் பூந்தமல்லியை அடுத்த நூம்பலில் காக்கைகூட வாயைத் திறக்காது. அந்த அமைதிக்கு நடுவே மாடியிலிருந்து ஓயாமல் ஓர் இரைச்சல் வந்துகொண்டிருந்தது, மாவு மில்லைத் தூக்கி மேலே வைத்துவிட்ட மாதிரி. கிராபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றும் சத்தம் அது. சாத்திய கதவைத் தாண்டிப் படிக்கட்டு வரைக்கும் கேட்கிறதென்றால் உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற பெண்ணின் காது என்ன பாடுபடும்? அனஸுக்கு எரிச்சலாக வந்தது. தன் மேல் அல்ல, இந்த வீட்டின் மேல்.

அவன் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டை ஒட்டிய சந்துக்குள் ஒளிந்திருக்கும் அவன் கடையைத் தேடி அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களென்றால் அது அவன் கைக்காகத்தான். கத்திக்கொண்டு வரும் கம்ப்யூட்டர் அவன் கடையிலிருந்து திரும்பிப் போகும்போது மூச்சு விடுவதுகூடக் கேட்காது என்று பேர். கார்டைப் பிரித்து, காய்ந்துபோன பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவி, மெமரி சில்லுகளின் மேல் சூட்டைக் கடத்தும் மெத்துப் பட்டைகளை வெட்டி ஒட்டி மூடிவிட்டால் அவன் பொறுப்பு முடிந்தது. முடிந்ததற்கு அடையாளமாக ஒரு பழக்கம் வைத்திருந்தான். மனைவி ரூஹியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து நான்கு திருகாணிகளின் தலையிலும் ஒரு பொட்டு வைப்பான். பொட்டு உடைந்திருந்தால் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள். உடையாமல் இருந்தால் உள்ளே வேலை சுத்தம், பழி வேறெங்கோ. அந்தப் பொட்டைக் காட்டியே எத்தனையோ பேர் வாயை அடைத்திருக்கிறான். ரூஹிகூடக் கேட்பாள், என் பாலிஷ் என் விரலுக்கு வருதா இல்ல உன் கம்ப்யூட்டருக்குப் போவுதா என்று.

மதிவதனியின் வாயையும் அப்படித்தான் அடைத்தான். அவள் கட்டட வரைபடங்களைப் படமாக்கிக் கொடுக்கிறவள். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்குமாடிக்குள் ஆள் நடந்துபோகிற மாதிரி வீடியோ செய்து தருவாள். அதற்குத்தான் அவ்வளவு பெரிய கார்டு. அனஸ் சர்வீஸ் செய்து கொடுத்த பிறகுதான் சத்தம் அதிகமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டரை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டு வந்தாள். அனஸ் திறந்தே பார்க்கவில்லை. டார்ச் அடித்துப் பொட்டைப் பார்த்தான், நான்கும் அப்படியே இருந்தன. பெட்டியின் வலையில் படிந்திருந்த தூசியை விரலால் வழித்துக் காட்டினான். வீட்டில் சாம்பிராணி போடுவீர்களா என்று கேட்டான். வெள்ளிக்கிழமை அம்மா போடுவாள் என்றாள். மேல்கூரை என்ன என்று கேட்டான். சிமெண்ட் ஷீட் என்று அவள் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

“அப்பறம் கார்டு கத்தாம இன்னா பண்ணும்? கார்டு மேல தப்பே இல்லம்மா, ஊட்டு மேல தப்பு. ரேஸ் குதிரைய வாங்கினு வந்து ஷீட்டு ஊட்ல கட்டி வெச்சிகிறீங்க. ஏசி ரூம்ல வெக்கற ஐட்டம் இது.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மதிவதனியும் கூடவே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேபிள்களைச் சுருட்டினாள். நல்லா சொன்னோம் என்றுதான் அனஸுக்கு அன்றைக்குப் பட்டது.

இப்போது என்னடாவென்றால், ஏசி போட்டும் சத்தம் குறையவில்லை, படம் முடித்துக் கொடுக்கிற நேரம், தூக்கிக்கொண்டு வர முடியாது, கொஞ்சம் வந்து பாருங்கள் என்று போன் செய்திருந்தாள்.

கதவைத் திறந்தவர் அவள் அப்பா வேம்புலி. அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், பனியனும் கைலியுமாக நின்றார். “வா பாய், வா. வெயில்ல வந்துகிற, மொதல்ல குந்து” என்று நாற்காலியைத் துண்டால் தட்டினார். கூடத்துக்குள் கால் வைத்ததும் அனல் முகத்தில் அடித்தது. மேலே மின்விசிறி ஷீட்டின் சூட்டை அள்ளி அள்ளிக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சுலோசனா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு. அதற்குக் கீழே தோல் தடித்துத் தடித்துச் சிவந்திருந்ததை அனஸ் பார்த்தான், பார்க்காதது போல் அறைக்குள் போனான்.

அறைக்குள் குளிர்ந்து கிடந்தது. மதிவதனி மேசையை ஒழித்து வைத்திருந்தாள். இரைச்சலுக்கு மேலே எல்லோரும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஏசி எங்க ரூம்ல கெடந்துது பாய்” என்று வேம்புலி சத்தமாகச் சொன்னார். “பாப்பா அம்மாவுக்கோசரம் வாங்கினது. வேர்த்தா ஒடம்பெல்லாம் தடிச்சிகினு அரிக்கும் அவளுக்கு. நீ ஊட்டு சூடுன்னு சொன்னியா, அவளே சொல்ட்டா, கயட்டி பாப்பா ரூம்ல மாட்டிடுங்கன்னு. அது பொழப்பாச்சே. சாம்பிராணியும் நிறுத்தியாச்சு. ரூமுக்குள்ள வர்றதே கெடையாது அவ, கதவத் தொறந்தா குளுரு போய்டுமாம்.”

அவர் குறை சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி மருந்தெல்லாம் சரியாகச் சாப்பிட்டோம் என்று சொல்கிற நோயாளியின் குரலில் சொன்னார். அனஸ் சுவிட்சை அணைத்தான்.

கார்டைக் கழற்றித் துணி மேல் வைத்தான். வேம்புலி கேட்காமலே செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். நான்கு பொட்டுகளும் பொட்டுகளாகவே இருந்தன. தன் கையால் வைத்ததைத் தானே சுரண்டி எடுத்து, திருகாணிகளை அவிழ்த்து, மேல்பாகத்தை மெல்ல ஆட்டித் தூக்கினான். நடுவில் இருந்த பேஸ்ட் கச்சிதமாகப் பரவியிருந்தது. பரவாயில்லை, நம்ம வேலை வேலைதான் என்று நினைத்தபடி மெமரி சில்லின் மேலிருந்த பட்டையை விரலால் தொட்டான். பட்டை பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும். வழுக்கியது.

இடுக்கியால் ஓரத்தை நெருடினான். கண்ணாடி போன்ற ஒரு தாள் நெளிந்து எழுந்தது. சூட்டில் சுருங்கிப்போன பிளாஸ்டிக் தாள்.

பட்டை புதிதாக வரும்போது இரண்டு பக்கமும் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் நீலம், கண்ணுக்குத் தெரியும். மறுபக்கம் நிறமே இல்லாதது. இரண்டையும் உரித்துவிட்டுத்தான் மூட வேண்டும், இல்லாவிட்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் சில்லு வேகும், விசிறிகள் அலறும். இந்தத் தொழிலில் கை வைத்த முதல் வாரத்தில் எல்லோரும் தெரிந்துகொள்கிற விஷயம். அடுத்த பட்டையைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான். எல்லாவற்றிலும் தாள் இருந்தது.

அவனுக்கு அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடையில் நின்றிருந்த ஒருவரிடம், வேறு கடையில் கொடுத்துக் கெட்டுப்போன ஒரு மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். வேலையில் கவனம் வேண்டும் சார், இவனுங்களுக்கு எங்க கவனம் என்று சொல்லிக்கொண்டேதான் நீலத்தை மட்டும் உரித்து ஒட்டி, மூடி, திருகி, பொட்டு வைத்தான். பொட்டை மட்டும் ரொம்ப அழகாக வைத்திருந்தான்.

காது மடல் வரைக்கும் சூடேறியது. ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்தும் முதுகு வேர்த்தது.

“இன்னா பாய் அது, மினுக்குது?” என்றார் வேம்புலி.

“ஒண்ணுமில்லண்ணே. பழசு.”

வாயிலிருந்து அது வந்த வேகம் அவனையே திடுக்கிட வைத்தது. தாள்களை ஒவ்வொன்றாக உரித்தான். ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, உதறினான், மணிக்கட்டில் போய் ஒட்டியது. எல்லாவற்றையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். மதிவதனி மேசை மேல் ஏதோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தாளா இல்லையா என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. கருவிப் பையிலிருந்து புதுப் பட்டையை எடுத்து வெட்டி, இரண்டு பக்கமும் உரித்து, விரலால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்து ஒட்டினான். நகப்பூச்சு பையில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை.

மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டதும், மதிவதனி தன்னிடமிருந்த வேலையிலேயே மிகக் கனமானதை ஓடவிட்டாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன, அவ்வளவுதான். அதற்கு மேல் ஏறவில்லை. அவள் குனிந்து, மெஷின் ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நின்னுபோச்சா பாய்?” என்று வேம்புலி கத்தினார். கத்தியது தன் காதிலேயே விழுந்து, வெட்கப்பட்டுக் குரலை இறக்கினார். “ஓடுதா! ஒண்ணுமே கேக்கலியே. கைனா இது கைப்பா.”

இந்த வார்த்தைக்காகத்தான் அனஸ் இத்தனை வருஷமாகத் தொழில் செய்கிறான். இன்றைக்கு அது கன்னத்தில் விழுந்தது. கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னான், “இனிமே ஏசி வேண்டாண்ணே. உங்க ரூம்லயே மாட்டிடுங்க. ஃபேன் காத்தே போதும் இதுக்கு.”

சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாகத்தான் நினைத்தான். அந்த அம்மாவுக்கு ஏசி போய்ச் சேர்ந்துவிடும், தன் பேரும் கெடாது.

வேம்புலி தலையை ஆட்டினார். “அதெல்லாம் வேணாம் பாய். நீ நல்லா பாத்துதான் அன்னிக்கி சொல்லிகிற, ஊட்டு சூடுன்னு. இன்னிக்கி எங்க மொகத்தப் பாத்து மனசு கேக்காம மாத்திச் சொல்ற. மறுபடியும் சூடேறி கார்டு போச்சுன்னா பாப்பா பொழப்பு போச்சு. இருக்கட்டும், அவளுக்குப் பழகிடுச்சு.”

“இல்லண்ணே, நெஜமாத்தான்…”

“உன்ன நம்பாம யார நம்பறது? நீ சொன்னத கேட்டோம், இப்ப சரியாச்சா இல்லியா?”

அனஸ் மதிவதனியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் சட்டைப் பையை. கிளம்பிவிடலாம் என்று பையைத் தோளில் மாட்டினான். அப்போதுதான் அது கேட்டது. இவ்வளவு நேரமும் இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்த ஒரு சத்தம். சரக், சரக் என்று கதவுக்கு அந்தப் பக்கம் அட்டையால் விசிறிக்கொள்கிற சத்தம். கொஞ்ச நேரம் விசிறும், நிற்கும். நின்ற இடைவெளியில் நகத்தால் தோலைப் பறண்டுவது கேட்கும். மறுபடி விசிறும். அறையைக் காதுக்கு இதமாக ஆக்கிக் கொடுத்தவன் அவன்தான். அதனால்தான் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அவன் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தான். சுலோசனா கையிலிருந்த அட்டையைச் சட்டென்று மடிக்குக் கீழே மறைத்துக்கொண்டு சிரித்தார். “சரியாச்சா பாய்? இரு, மோர் கலக்கறேன்” என்று எழுந்தார்.

“அம்மா, இருங்க” என்றான். சட்டைப் பையில் கைவிட்டுத் தாள்களை எடுத்தான். அவை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தன. வேம்புலியும் மதிவதனியும் வாசலில் வந்து நின்றார்கள். “பழசுன்னு சொன்னனே அண்ணே, பொய். இது நான் உரிக்காம உட்டது. இதாலதான் சூடு, இதாலதான் சத்தம். அன்னிக்கி பாப்பா கடைக்கி வந்தப்போ தொறந்துகூடப் பாக்காம ஊட்ட கொற சொல்லிட்டேன். ஏசிய எறக்கி இருக்கவே வேண்டாம்.”

வேம்புலி ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் வழியாக எதிரில் இருந்த காலண்டர் அப்படியே தெரிந்தது. அவர் தாளைப் பத்திரமாக அவன் கையிலேயே திருப்பி வைத்தார். ஒரு திட்டு விழுந்திருந்தால் அனஸ் பிழைத்துப் போயிருப்பான்.

“அன்னிக்கி கடைல நெறைய பேர் இருந்தாங்கண்ணா” என்றாள் மதிவதனி. அவ்வளவுதான் சொன்னாள்.

சுலோசனாவுக்கு எல்லாம் புரிந்ததா என்று தெரியவில்லை. கழுத்துத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யோசித்து யோசித்துக் கேட்டார்.

“அப்போ, எங்க ஊடு ஒரு தப்பும் பண்லயா?”

“இல்லம்மா” என்றான் அனஸ்.

அவர் தலையை நிமிர்த்தினார். பண்ணாத தப்புக்கு அடி வாங்கிய பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது போல, மேலே அந்தச் சிமெண்ட் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேர்வை அவர் தாடையிலிருந்து வழிந்து, தடித்த கழுத்தின் வழியே துண்டுக்குள் இறங்கியது.