தெப்பக்குளத்துப் படியில் கோபமாக ஒருவர்

1

போன தை மாதம் என் மகள் விஜயத்தின் கல்யாணத்தில் பதினோரு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். அதில் ஒருவருக்குக்கூட ஒழுங்காகக் கோபித்துக்கொள்ளத் தெரியவில்லை. அந்த எரிச்சலில் எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் கதை. (பதினொன்று கதைக்காக. நிஜத்தில் ஏழு.)

நான் பசுபதி. மதுரை தெற்குவாசலில் டிராயிங் வாத்தியார். கோபத்தில் கரைகண்டவர் என் சிநேகிதர் சீதாராமண்ணன். என்னைவிட இருபத்தெட்டு வயது மூத்தவர். போன வருஷம், 1939-இல், செத்துப்போனார். அவரைப் பற்றி இப்படி ஆரம்பித்தேன்:

'சீதாராமன் ஒரு சிறந்த பண்பாளர்...' (இரங்கல் கூட்டம். அடித்தாயிற்று.)

'புடவை வியாபாரி சீதாராமனின் கண்களில் எப்போதும் ஒரு...' (ஒரு என்ன? இருபது வருஷத்தில் நான் அந்தக் கண்களை உற்றுப் பார்த்ததே இல்லை.)

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2

1919-இல் என் கல்யாணம். காலைப் பலகாரப் பந்தியில் யார் வீட்டு மாமாவுக்கு முதல் இலை என்று பேச்சு தடித்து, என் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். முகூர்த்தப் புடவை கொண்டுவந்த வியாபாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். திடீரென்று எல்லார் குரலுக்கும் மேலே அவர் கத்தினார்:

"எனக்கு ஏன் சந்தனம் குடுக்கலை?"

அவர் எங்களுக்கு உறவில்லை. எங்கள் ஜாதியில்லை. வீட்டில் பேசுகிற பாஷை சௌராஷ்டிரம். புடவை விற்க வந்தவருக்குச் சந்தனக் கோபமா என்று இரண்டு வீட்டாரும் வாயைப் பிளந்து நிற்கும்போதே அவர் வாசலில் இறங்கிப் போய்விட்டார். புடவை அவர் கக்கத்தில்.

துரத்தாமல் என்ன செய்வது? ஒன்றரை மைல் ஓடித் தெப்பக்குளத்துப் படியில் பிடித்தோம். இரண்டு தரம் கூப்பிட்டோம், மாட்டேன் என்றார். மூன்றாம் தரம் எழுந்தார். திரும்பி வரும் வழியில் என் சித்தப்பாவும் பெண்ணின் மாமாவும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் கை விட்டுக்கொண்டு வந்தார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷங்களில் கோபித்துக்கொள்கிற வேலை அவருடையது. மேளக்காரர் வேறு யாரையோ பார்த்து வாசித்தார், பன்னீர் இடது தோளில் விழுந்தது என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவார். சண்டைக்கென்றே வந்த சொந்தக்காரர்கள் அவரை அழைத்து வரப் போய், வாய்ப்பை இழந்துவிடுவார்கள்.*

* ஒரு வளைகாப்பன்று அவருக்கு ஜுரம். "உடம்பு முடியலை பசுபதி, கோபத்தைச் சாயங்காலம் வச்சுக்கலாமா?" என்று ஆள்விட்டுக் கேட்டார்.

3

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடப் பார்த்தேன். முடியவில்லை.

1939 சித்திரையில் என் கடைசிப் பையனுக்குக் காதுகுத்து. தனக்கு மட்டும் நொறுங்கின அப்பளம் வந்தது என்று சீதாராமண்ணன் இலையை விட்டு எழுந்தார். துண்டை உதறினார். கிளம்பினார். வெளியே பந்தியில் இருநூறு பேர், மோர் தீர்ந்துபோன நேரம். என் மனைவி தர்மாம்பாள் வந்து, "அண்ணே போறாக. யாரைக் கூப்புட அனுப்ப?" என்று கேட்டாள்.

என் மச்சினன் சுருளி சிரித்துக்கொண்டே, "அவரு என்ன நமக்கு உறவா? தன்னால வருவாரு" என்றான்.

(நிறுத்துங்கள். இது பொய். சுருளியால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. அவன் தாய்மாமன். காது குத்துகிற பையன் அவன் மடியில் உட்கார்ந்து மொட்டைத் தலையால் அவன் மோவாயை முட்டிக்கொண்டிருந்தான். சுருளியின் வாயில் ரத்தம். சொன்னது நான். சிரித்துக்கொண்டே என்பது மட்டும் நிஜம்.)

யாரும் போகவில்லை.

வாசலில் இறங்கிக்கொண்டிருந்தவர் காதில் நான் சொன்னது விழுந்ததா, இல்லையா? எனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். விழவில்லை என்றால் அது வழக்கமான கோபம். விழுந்திருந்தால், அவர் எங்கள் வீட்டில் நிஜமாகவே கோபித்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். நாளைக்குப் போய்ப் பார்ப்போம், நாளைக்குப் போய்ப் பார்ப்போம் என்று எட்டு நாள் ஓட்டினேன். ஒன்பதாம் நாள் சாவுச் செய்தி வந்தது.

அவர் மருமகள் வசுந்தரா சொன்னாள்: "அன்னைக்குப் பொழுது சாயத்தான் வந்தாரு. சோறு இருக்கான்னு கேட்டாரு. ஏன் மாமா, அங்க சாப்பிடலையான்னேன். 'அம்புட்டுக் கூட்டம்மா, பசுபதி பாவம், தனியா அலையிறான்'னாரு."

இதை வைத்து எந்த முடிவுக்கு வருவது? மன்னித்தவரும் இப்படிச் சொல்வார். மருமகளிடம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்பவரும் இப்படித்தான் சொல்வார். அந்த வீட்டு வாசலில் நின்று அழுதேன். அதை வேறு விதமாக எழுத வரவில்லை.

4

விஜயம் கல்யாணத்துக்கு அந்தப் பதவி காலி. தர்மாம்பாள் சுருளியை நியமித்தாள். அவன் ரசத்தில் உப்பில்லை என்று கோபித்தான். சமையல்காரர் உடனே உப்பைப் போட்டுவிட்டார். அதோடு முடிந்தது.*

* காரணம் யாராலும் சரிசெய்ய முடியாததாக இருக்க வேண்டும். இதெல்லாம் சீதாராமண்ணனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

காலியிடத்தைப் பார்த்த மாத்திரத்தில் திருமங்கலத்துச் சம்பந்தி ஒருவர் கோபித்துக்கொண்டார். அவரைக் கவனித்த அளவுக்குத் தன்னைக் கவனிக்கவில்லை என்று எங்கள் பக்கத்தில் ஒருவர். அப்புறம் வரிசையாக. நான் தெப்பக்குளம் போய்ச் சேர்ந்தபோது பதினோரு பேர் படிக்கு ஒருவராக உட்கார்ந்து, மற்ற பத்துப் பேர் வந்து கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்கள்.

"எல்லாரும் வாங்கய்யா, முகூர்த்தம் தப்பிரும்!" என்று கத்தினேன்.

"மொத்தமாக் கூப்புட்டா எப்புடி?" என்றார் திருமங்கலத்துக்காரர். "ஆளுக்கு மூணு தரம் கூப்புடுங்க."

முப்பத்து மூன்று தரம் கூப்பிட்டேன். (ஏழு பேர் என்றால் இருபத்தொன்றுதான். தொண்டை கட்டியது நிஜம்.) எல்லாரும் எழுந்து போன பிறகும் நான் அங்கேயே நின்று இன்னும் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். விஜயம் ஜட்கா வண்டி அனுப்பித்தான் என்னை அழைத்து வரவேண்டியிருந்தது.

5

முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: காதுகுத்தன்று நானே தெப்பக்குளத்துக்கு ஓடுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வருகிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது முடிவு: அவர் என்னைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு பசுபதி" என்கி

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

இரண்டுமே செல்லாது. என் கதையில் அவர் நான் சொன்னபடிதான் செய்வார். எழு என்றால் எழுவார், மன்னி என்றால் மன்னிப்பார். அது நானே எனக்குக் கொடுத்துக்கொள்ளும் மன்னிப்பு. அதை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால் அவரைச் சித்திரை வெயிலில் படியிலேயே விட்டுவைத்திருக்கிறேன். இதைப் படிக்கிற நீங்கள் போய்க் கூப்பிடுங்கள். நான் சொன்னபடி கேட்க வேண்டிய அவசியம் உங்களுக்கும் இல்லை, உங்கள் முன்னால் அவருக்கும் இல்லை. நிஜமான பதில் வந்தால் உங்களுக்குத்தான் வரும்.

பசுபதி ஏன் வரவில்லை என்று அவர் கேட்டால், நான் இங்கே பந்தி விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.