குங்குமம் விழுந்த பாஸ்வேர்டு

"இந்த ஒரு எலுமிச்சம்பழம் போதும் வேணிம்மா. ஏழு கடலுக்கு அப்பால உக்காந்திருக்கற திருடனைக்கூடக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காவேரியில முக்கிடும்!"

ஆயுதபூஜைப் பொரியை அள்ளி வாயில் போட்டபடி பிச்சமுத்து இப்படி அளந்தபோது, சர்வர் அறையில் சிரிக்காதவள் வேணி ஒருத்திதான். உறையூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை முப்பது வருடம் கட்டி மேய்த்துவிட்டு, ஜூனில் ரிட்டயராகி ஸ்ரீரங்கத்து வீட்டில் சம்மணம் போட்டவர் அவர்; பூஜைக்காக வந்திருந்தார். அவருடைய நாற்காலி இப்போது வேணியுடையது. யார் எந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம் என்று தீர்மானிக்கிற டைரக்டரியும், அதை ஆட்டி வைக்கிற அட்மின் அக்கவுண்ட்டும் அவள் பொறுப்பு. அந்த அக்கவுண்ட் கைமாறினால் எண்ணூறு கம்ப்யூட்டரும் பூட்டிக்கொள்ளும். ஸ்கேன் ரிப்போர்ட் இல்லாமல் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி கிடப்பார்.

வேணி சர்வர் அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, சந்தனம் பூசி, கண்ணில் பட்டதற்கெல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டே போனாள். சர்வர் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டுக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

ரிசப்ஷன் ஷெர்லின் எடுத்த படம் ஆஸ்பத்திரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறியது. மறுநாள் காலை வேணி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சீட்டில் பிச்சமுத்துவின் கையெழுத்து: 'முதன்மை அட்மின்', கீழே பாஸ்வேர்டு. அதன் கடைசி எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் குங்குமம்.

படத்தை நீக்கச் சொல்லிவிட்டு பிச்சமுத்துவுக்குப் போனைப் போட்டாள்.

"என் வேலைக்கே உலை வச்சுட்டீங்களே சார்!"

"பதறாதம்மா. அது டம்மி அக்கவுண்ட். ரிட்டயராகறதுக்கு முன்னாடியே போட்டு வச்சேன். ஒரு கதவையும் திறக்காது. எவனாவது தொட்டா உன் போன் அலறும். நிஜ அட்மினுக்குத்தான் வேற பேரு வச்சிருக்கியே."

"கொள்ளிடத்துல முதலையோட செல்ஃபி எடுத்தேன்னீங்களே, அந்த மாதிரியா?"

"அது உடும்பு. மத்தபடி உண்மை."

டைரக்டரியைத் திறந்து பார்த்தாள். டம்மி இருந்தது, அதிகாரம் எதுவும் இல்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. எந்தத் திருடன் பூஜைப் படத்தை உட்கார்ந்து பார்க்கப் போகிறான்?

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் போன் அலறியது. நிற்பதற்குள் மறுபடியும். மறுபடியும். எவனோ டம்மியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான், பொட்டு இருந்த இடத்தில் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுப் பார்த்து! தட்டிய இடம், பில்லிங் கவுண்டரின் இரண்டாவது கம்ப்யூட்டர்.

வேணி மாடிப்படியில் பறந்தாள். கவுண்டரில் லூர்துராணி, மருந்துக் கம்பெனி பெயரில் வந்த ஏதோ மெயிலைத் திறந்து, திருடனுக்கு வழிவிட்டது தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். வேணி நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். டீ சிந்தியது. திருடன் அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை. பன்னிரண்டு மணி ஆபரேஷன் பன்னிரண்டுக்கே நடந்தது.

மூச்சு வாங்கியபடி பிச்சமுத்துவைக் கூப்பிட்டாள்.

"பொட்டுக்கு அடியில என்ன எழுத்து சார்?"

"ஒண்ணுமே இல்ல. நீ வெறும் பேப்பருக்குத்தான் பொட்டு வச்சே. விட்டிருந்தா அடுத்த ஆயுதபூஜை வரைக்கும் தேடியிருப்பான், பாவம்."

மறுநாள் கூட்டத்துக்குப் பிச்சமுத்துவையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கதையில் அலாரம் ஆயிரம் தடவை அடித்தது, திருடர்கள் ஒன்பது பேரானார்கள். ஆஸ்பத்திரித் தலைவர் அலுத்துப்போய் வேணியைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. இதெல்லாம் நடந்துச்சா?"

"அலாரம் இருபத்திரண்டு தடவைதான் சார். ஆனா நடந்துச்சு."

பிச்சமுத்து தொண்டையைக் கனைத்தார்.

"சரி சார், எலுமிச்சம்பழமும் இருந்துச்சு," என்றாள் வேணி. "நான்தான் வச்சேன்."